பிள்ளை பெற்றதால் வந்ததாம்

கண்ணு,

நேற்று சாயங்காலம் போனில் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டாய். "விட்டுருங்கம்மா. கோயமுத்தூர்ல நல்ல லேடி டாக்டரு இருக்காங்க. கல்யாணத்துக்குள்ள ஆபரேஷனை முடிச்சுக்கலாம். எதுக்கு இதைப் போயி நாலு பேரு முன்னாடி..." என்றாய். அப்புறம் இருமினாய். அப்புறம் சிக்னல் இல்லை என்றாய். மஞ்சக்குட்டையில் சிக்னல் எப்போது போகும் என்று எனக்குத் தெரியும், நீ எப்போது நழுவுவாய் என்றும் தெரியும். நீ விழுங்கிய மீதியை நானே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்றே என் வாயை அடைத்துவிடுவாய். உட்கார்ந்து எழுதினால் கொஞ்ச நேரத்தில் அடிவயிறு இழுக்கிறது, படுத்து எழுதினால் பேனா மை விடமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுவதும் எழுந்து நடப்பதுமாக இது மூன்று நாள் கடிதம் ஆகலாம். கோர்வையாக இல்லை என்று குறை சொல்லாதே.

முதலில் ஒன்று. எனக்கு இடுப்பு வலி இல்லை. உன் வருங்கால மாமியார், சரண்யாவின் அம்மா, கேட்டபோது "அம்மாவுக்கு இடுப்பு வலிங்க அத்தை" என்று சொல்லி வைத்திருக்கிறாய். எனக்குக் கருப்பை இறங்கியிருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள் நான். உடம்பில் இருக்கிற எந்த உறுப்புக்கும் பேர் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. உனக்குக் கூச்சமாக இருந்தால் "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போ. இல்லாத வலியை என் இடுப்பில் கொண்டுவந்து வைக்காதே. ஏற்கெனவே என் உடம்பைப் பற்றி ஒரு பொய்யை எழுதி வைத்திருக்கிறார்கள், இரண்டாவதும் சேர்ந்தால் நான் தாங்கமாட்டேன்.

சேலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று நடத்துகிற அந்தக் கிளினிக்குக்கு ஆடி மாதத்தில் நீயும்தான் என்னோடு வந்தாய். கவுண்டரில் இருந்தவர் என் கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "ஏனுங்கம்மா, ஊட்டுக்காரரு வரலீங்களா?" என்று கேட்டார். என் ஊட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர், போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, பட்டாளம் பார்த்தது நான்தான் என்று சொன்னேன். "அப்படீங்களா" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். நீ கோபத்தில் எழுந்துவிட்டாய். நான்தான் உன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். இதற்கெல்லாம் கோபப்படுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். என் கோபத்தைப் பெரிய விஷயங்களுக்காகச் சேர்த்து வைத்திருந்தேன், அது அன்றைக்கே தேவைப்படும் என்று அப்போது தெரியவில்லை.

நீ பார்க்காததும் சில உண்டு. பெண்கள் என்று எழுதின கழிவறைக் கதவில் பூட்டு தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டால், டீ குடிக்கப் போனவரிடம் என்றார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகளும் சலைன் அட்டைப்பெட்டிகளும் உள்ளே சௌகரியமாக இருந்தன. ஏற்காட்டிலிருந்து அத்தனை வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்து, சிறுநீரை அடக்க முடியாத வியாதிக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒருத்தி, அங்கே அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால்தான் கீழே போகிற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து நான் தண்ணீரே குடிப்பதில்லை. ஏம்மா உதடு வறண்டிருக்கிறது என்று நீ கேட்டாய். வெயில் என்று சொன்னேன்.

மருந்துக் கவுண்டரையும் சொல்லிவிடுகிறேன். வயசான ஆண்களுக்குச் சிறுநீர் தாராளமாகப் போக மாத்திரை, அலமாரி நிறைய டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கிறது. சந்தோஷம். அவர்களும் பாவம், கஷ்டப்படுகிறவர்கள்தான். எனக்கு வேண்டியது ஒரு ரப்பர் வளையம். இறங்கின கருப்பையைத் தாங்கிப் பிடிக்க உள்ளே வைப்பது, ஆபரேஷன் வரைக்கும் ஒரு பெண் நிமிர்ந்து நடக்க உதவுவது. கேட்டேன். "வளையமுங்களா? அதை இங்க யாருமே கேட்டதில்லீங்களே" என்றாள் அந்தப் பெண். கேட்டிருக்கமாட்டார்கள்தான். தண்ணீர் குடிக்காமல் வந்து, கவுண்டரில் ஊட்டுக்காரர் எங்கே என்ற கேள்வியைத் தாண்டி, மகளிர் டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போகிறவள் வளையத்தைக் கேட்கிற வரைக்கும் எங்கே வருவாள்?

நமக்கு முன்னால் வரிசையில் பொன்னுசாமி அண்ணன் இருந்தார், நினைவிருக்கிறதா? செம்மநத்தத்துக்காரர், ஹவில்தாராக இருந்து வந்தவர், நம்மோடுதான் பஸ்ஸில் இறங்கினார். அவருக்குக் குடலிறக்கம். டாக்டர் அறைக்கும் வராண்டாவுக்கும் நடுவில் ஒரு துணித் தட்டிதான் இருந்தது, அதனால் பேசினது எல்லாம் கேட்டது. டாக்டர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "பட்டாளத்துல என்ன வேலை பார்த்தீங்க?" ரேஷன் ஸ்டோரில் மூட்டை தூக்கினேன் என்றார் அண்ணன். எவ்வளவு எடை, எத்தனை வருஷம், எந்த மலையில் என்று டாக்டர் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். நல்ல டாக்டர் என்று உன் காதில் சொன்னேன்.

அப்புறம் நான் உள்ளே போனேன், நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். எனக்கு என்ன தொந்தரவு என்று சொன்னேன். அதே டாக்டர், அதே பேனா. என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை குழந்தைங்கம்மா?" நான் சொன்னேன், "ஒரு பையன், டாக்டர்." அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற தோள். "பையன் நல்லா வளர்ந்திருக்கார்" என்று சிரித்தார், நீயும் சிரித்தாய், அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். அதற்குமேல் ஒரு கேள்வியும் இல்லை. டாக்டர்களின் கிறுக்கலைத் தலைகீழாகப் படிப்பது நர்ஸ்களுக்குக் கைவந்த கலை. பிரசவம் ஒன்று என்று அவர் எழுதினதை நான் படித்தேன்.

படித்துவிட்டு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நீ அந்த நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாய், சாமி. உன்னைப் பார்த்து இவள் பெற்ற பிள்ளை என்று ஒருவர் நம்பினதில் எனக்கும் உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. "டாக்டர், இவனை நான் பெறவில்லை" என்று உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு வரிதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று விட்டேன். உன் முகம் வாடாமல் இருந்ததே போதும் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு நீ ஓசூரிலிருந்து வந்திருந்தபோது, இது பட்டாள வேலையில் வந்தது என்று நான் போட்ட மனுவுக்குப் பதில் வந்தது. நீதான் பிரித்துப் படித்தாய். கருப்பை இறக்கம் பிரசவத்தால் ஏற்பட்டது, பணிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவ்வளவுதான். நீ இரண்டு தடவை படித்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாளை டி.வி. மேல் வைத்துவிட்டு, "காப்பி போடட்டுங்களாம்மா?" என்றாய். நானும் "போடு கண்ணு" என்றேன். இரண்டு பேரும் காப்பி குடித்தோம். எனக்குப் பிரசவமே ஆனதில்லை என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். உனக்கு விவரம் தெரிகிற வயசிலேயே உங்கப்பா உன்னிடம் சொல்லிவிட்டார், நீயும் "சரிங்கப்பா" என்று விளையாடப் போய்விட்டாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் அந்தப் பேச்சே வந்ததில்லை. இப்போது வந்துதான் ஆக வேண்டும்.

உன்னைப் பெற்றவள் என் தங்கை சாந்தி. கிளியூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். உன்னைப் பெற்றபிறகு ரத்தம் நிற்கவில்லை. ஜீப் கிடைத்து, அதற்கு டீசல் கிடைத்து, மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அப்போது வடக்கே பனியில் யாரோ ஒருத்தருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் அக்காவாக இருந்தும் பக்கத்தில் இல்லையே என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்வேன். அவளுக்கு நடந்தது ஒரு பிரசவம். அதற்கு அவள் உயிரைக் கொடுத்தாள். அவளுடைய அந்த ஒரே பிரசவத்தை அவளிடமிருந்து பிடுங்கி என் பேரில் எழுதி, அதையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நான் எப்படி கண்ணு கோயமுத்தூருக்குப் போய்ப் படுப்பேன்?

இன்னும் கேள். இது உனக்குத் தெரியாதது. நான் லீவில் வந்தேன், சாந்தியின் காரியம் முடிந்தது. உன்னைப் பெற்ற அப்பன் வேறு கல்யாணத்துக்குப் பெண் தேட ஆரம்பித்துவிட்டான். உங்கப்பா ஒன்றும் பேசாமல் உன்னைத் துண்டில் சுற்றி நம் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, இனி இவன்தான் என்றார். நான் லீவை நீட்டிக்கச் சொல்லி எழுதினேன். பிரசவ லீவு என்று ஒன்று இருக்கிறதே, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அதைக் கொடுங்கள் என்று கேட்டேன். திரும்பிப் போனபோது மேலதிகாரி முன்னால் நிற்கவைத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. "சிஸ்டர், குழந்தை பெற்றவர்களுக்குத்தான் அந்த லீவு. நீங்கள் பெறவில்லையே" என்றார் இங்கிலீஷில். நான் சல்யூட் அடித்துவிட்டு வார்டுக்குப் போனேன். பால் மணம் மாறாத உன்னை உங்கப்பா புட்டிப்பாலில் வளர்த்தார், காப்பிக் கணக்கு எழுதுகிற மேஜைக்குக் கீழேயே தொட்டில் கட்டிக்கொண்டு.

அப்போது உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள லீவு கேட்டேன், நான் பெறாதவள் என்றார்கள். இப்போது வைத்தியம் கேட்கிறேன், நான் பெற்றவள் என்கிறார்கள். என்ன நியாயம் இது? அவர்களுக்கு எது வசதியோ அதற்குத் தகுந்தபடி என் வயிறு பிள்ளை பெறும், பெறாமல் இருக்கும். கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா?

சரி, பாரம் தூக்கினேனா இல்லையா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த மலை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் என் தோள் உயரம் இருக்கும். சமதரையில் அதைச் சாய்த்து அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு போய்விடலாம், அது ஒரு பழக்கம், வந்துவிட்டால் சுலபம். வார்டுக்கு ஏறுகிற படியில் உருட்ட முடியாது, தூக்கத்தான் வேண்டும். தூக்குவதற்கென்று இருந்த ஆட்கள் பாதி நேரம் ஹெலிகாப்டர் இறங்குகிற இடத்தில் இருப்பார்கள். உள்ளே ஒருத்தன் மூச்சுக்குத் திணறும்போது, ஆள் வரட்டும் என்று எந்த நர்ஸ் நிற்பாள்? அந்த உயரத்தில் சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, ஒவ்வொரு படியாகத் தூக்கி வைப்போம். அப்புறம் அசைய முடியாதவர்களைப் புரட்டிப் போடுவது. படுக்கைப் புண் வராமல் இருக்க ராத்திரி பகல் பார்க்காமல் புரட்ட வேண்டும். மாவுக்கட்டுப் போட்ட ஆறடி ஆட்கள். வாழப்பாடிக்காரன் ஒருத்தன் இருந்தான், முதுகெலும்பில் அடி. நானும் இன்னொரு சிஸ்டரும் புரட்டும்போது நம் பக்கத்துப் பேச்சில் கேட்பான், "நான் நொம்ப கனமுங்களா சிஸ்டர்?" எங்கள் ஊர்ப் பலாப்பழத்தைவிடக் கொஞ்சம் கம்மிதான் என்று சொல்லுவேன். சிரிப்பான். கனம்தான் கண்ணு. நொம்பக் கனம்.

ஒரு நாள் காலையில் சிலிண்டரை மேல்படியில் வைக்கும்போது உள்ளே ஏதோ நழுவினதை உணர்ந்தேன். வலி இல்லை. கீழே ஏதோ வந்து நிற்கிற மாதிரி ஒரு பாரம். என்ன என்று எனக்குத் தெரியாதா? பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வர்றதுதான், ரெஸ்ட் எடு" என்றார். அன்றைக்கு மத்தியானமே எனக்கு டூட்டி போட்டவரும் அவர்தான். மேலே எழுதிக் கொடுத்தால் மெடிக்கல் காட்டகிரி என்கிற உடல்தகுதித் தரம் இறங்கும், பிரமோஷன் நிற்கும், இவளுக்குத் தெம்பில்லை என்று பேர் வரும். அதனால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். நான் மட்டும் இல்லை, என்னோடு இருந்தவர்கள் எல்லாருமே ஏதாவது ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பட்டாளத்தை விட்டு வெளியே வருகிற அன்றைக்குக் கடைசியாக உடம்பைச் சோதிப்பார்கள். கண் பார்த்தார்கள், காது பார்த்தார்கள், முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள். ஆண்களைக் குனிந்து இருமச் சொல்லிக் குடலிறக்கம் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு லேடி டாக்டர் லீவு.

போன வாரம் மஞ்சக்குட்டை ஸ்டாப்பில் பொன்னுசாமி அண்ணனைப் பார்த்தேன். மிளகுக்கொடி வாங்க வந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து ஆள் தெளிச்சலாக இருந்தார். "ஏனுங்க மேடம், எனக்குப் பட்டாளத்துல பாரம் தூக்குனதுலதான் வந்துதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. உங்குளுக்கும் வந்திருக்கோணுமே?" என்றார். வந்ததைச் சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னை நான் பெறவில்லை என்பது உட்பட. அவர் சொன்னார், "எனக்கு மூணு புள்ளைங்க இருக்குதுங்க மேடம். அதைப் பத்தி அந்த டாக்டரு ஒரு வார்த்தை கேக்கலீங்களே." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாயைத் திறந்து அதை முதல் முறையாக வெளி ஆள் ஒருத்தரிடம் சொன்னேன், தலையில் இடி விழவில்லை. ஜீப் வந்தது, ஏறி வந்துவிட்டேன்.

நீ சொல்கிற கோயமுத்தூர் ஆபரேஷனுக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாய். கல்யாணத்தன்று நாள் பூராவும் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட எனக்குத் தெம்பு வேண்டும் என்று நினைக்கிறாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் இப்போது இல்லை, அந்தப் பதிலை எதிர்த்து அப்பீல் போட்டிருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை அதை விசாரிக்கிற போர்டு டாக்டர்கள் சேலத்துக்கு வருகிறார்கள், என்னை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் உடம்பு இருக்கிற நிலையில் அவர்கள் அதைப் பார்க்க வேண்டும். தைத்து மூடிவிட்டுப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது, எழுதினது எழுதினபடியே நின்றுவிடும். இன்றைக்கு எத்தனையோ பெண் பிள்ளைகள் பட்டாளத்தில் சேர்கிறார்கள். துப்பாக்கி பிடிக்கிறார்கள், ஆண்களோடு சேர்ந்து மூட்டை சுமந்து ஓடுகிறார்கள். அவர்கள் வெளியே வரும்போது அவர்களுக்கும் முழங்கால் போயிருக்கும், இடுப்பெலும்பு விட்டிருக்கும், கருப்பை இறங்கியிருக்கும். எத்தனை குழந்தைங்கம்மா என்றுதான் அவர்களையும் கேட்பார்கள். ஒருத்திக்காவது பதில் மாற்றி எழுதப்பட்டால் அடுத்தவள் அதைக் காட்டிக் கேட்கலாம். அதற்கு இரண்டு வாரம் நான் வலி பொறுப்பேன். எனக்கு அது பழக்கம்தான்.

இப்போது உன் பாதி வாக்கியத்துக்கு வருகிறேன். நாலு பேர் முன்னாடி என்ன? நாலு பேர் முன்னாடி "இவன் என் வயிற்றில் பிறக்கவில்லை" என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அதுதானே உன் தொண்டையில் நின்றது? என் தொண்டையிலும் ஆடி மாதத்திலிருந்து அதுதான் நிற்கிறது. நீ எனக்காகக் கூச்சப்படுகிறாய், நான் உனக்காகக் கூச்சப்படுகிறேன். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கூச்சப்பட்டதில் அவர்களுடைய பொய் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. போதும்.

சரண்யாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நிச்சயத்துக்கு முன்னால் அவள் நம் ஊட்டுக்கு வந்தபோது, நீ வெளியே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாய். அவள் அடுப்படியில் என் பக்கத்தில் நின்று, சுவரில் இருந்த என் யூனிபார்ம் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அங்க என்ன வேலைங்க அத்தை பார்த்தீங்க? நாள் பூராவும் என்ன பண்ணுவீங்க?" ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிலிண்டரைச் சொன்னேன், வாழப்பாடிப் பையனைச் சொன்னேன், சாந்தியையும் சொன்னேன். ஆமாம், அவளுக்குத் தெரியும். நீ தனியாகப் பயந்துகொண்டிருக்காதே. அன்றைக்கு ராத்திரி யோசித்தேன், இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் வேறு யார் கேட்டார்கள்? டாக்டர் கேட்கவில்லை. லீவு மறுத்தவர் கேட்கவில்லை. ஊர் ஜனம், எங்கே போஸ்டிங், எவ்வளவு சம்பளம் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நீயும் கேட்டதில்லை சாமி, என் துப்பாக்கி எங்கே என்று சின்ன வயசில் கேட்டதைத் தவிர. உனக்கு நான் சொல்லுகிற புத்தி ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் ஆனபிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இன்றைக்கு என்ன வேலை பார்த்தாய் என்று அவளைக் கேள். கேட்டுவிட்டுப் பதில் முடிகிற வரை இரு. அவளுடைய உடம்புக்கு எது வந்தாலும், பொம்பளைங்களுக்கு வர்றதுதான் என்று யார் சொன்னாலும், என்னை நினைத்துக்கொண்டு அந்த ஆளிடம் சண்டை போடு. கிளினிக்கில் நீ எழுந்தபோது உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன் இல்லையா, இனி இழுக்கமாட்டேன்.

வியாழக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டு புதன்கிழமையே வந்துவிடு. காலையில் முதல் பஸ்ஸில் இறங்கிவிடலாம். பொன்னுசாமி அண்ணனும் தன் தாளை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றேன், "இருக்கட்டுங்க மேடம், சும்மா வந்து உக்காந்திருக்கறனுங்க" என்றார். இந்தத் தடவை நான் எழுந்ததும் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பேன். போய் இறங்கினதும் அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் போய் நிற்பேன். டீ குடிக்கப் போனவரைத் தேடிக்கொண்டு அவர்கள் ஓடட்டும்.

உள்ளே போனதும் அவர்கள் எத்தனை குழந்தை என்றுதான் ஆரம்பிப்பார்கள். "ஒண்ணுங்க, இதா உக்காந்திருக்கான்" என்று உன்னைக் காட்டுவேன். அதோடு விடமாட்டேன். எத்தனை பிரசவம் என்று கேளுங்கள் என்பேன். கேட்பார்கள். "எனக்கு ஆனதில்லைங்க. என் தங்கச்சிக்கு ஆச்சு, அவ அதுல போயிட்டா" என்பேன். பிள்ளை ஒன்று, பிரசவம் இல்லை, இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே குரலில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன், காப்பிச் செடிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே. முதலாவதைச் சொல்லும்போது குரல் நன்றாக வருகிறது. இரண்டாவதில்தான் இன்னும் கொஞ்சம் உடைகிறது. அப்போது நீ தலையைக் குனிந்துகொள்ளக் கூடாது, கண்ணு. என்னையே பார்த்துக்கொண்டிரு.

அம்மா